பவானித் தண்ணீரில் தபாஜோஸ் மீன்

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

கொளத்தூரிலிருந்து பார்சல் வந்துவிட்டது. ஆக்சிஜன் அடைத்த பைகளில் ஆறு ஜியோபேகஸ் குஞ்சுகள், விரல் நீளத்தில். பிரேசிலில் அமேசானோடு கலக்கும் தபாஜோஸ் ஆற்று வகை இது. வளர வளரத் தலை சிவக்கும். மீன் வளர்ப்பவர்களிடம் நெடுநாள் 'ரெட் ஹெட் தபாஜோஸ்' என்றே புழங்கிய இந்த மீனுக்கு அறிவியல் பெயர் 2022-இல்தான் கிடைத்தது: ஜியோபேகஸ் பைரோசெபாலஸ். கூட்டமாக வாழும் இனம், ஒன்றிரண்டாக விட்டால் பலமுள்ளது மற்றதைத் துரத்தியே ஓய்த்துவிடும். அதனால்தான் ஆறு வாங்கினேன்.

ஏப்ரல் 10

தொட்டிக்கு மணல் தேடியதுதான் பெரிய வேலை. இந்த மீனுக்குத் தரைதான் வாழ்க்கை. தலையைத் தாழ்த்தி, ஒரு வாய் மணலை அள்ளி, தாடையை அசைத்து அசைத்துச் சலிக்கிறது. மணல் செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் கொட்டுகிறது. நுண்ணிய இரை மட்டும் தொண்டைக்குள் போகிறது. அம்மா பார்த்துவிட்டு, "மொறத்துல பொடைக்கற மாதிரியே இருக்குதே கண்ணு" என்றார். விளக்கு எரியும் நேரமெல்லாம் இதே வேலைதான்.

இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பது எம்.சாண்ட். கல்லை உடைத்துச் செய்வதால் அதன் ஓரம் கூர்மை. கட்டடத்துக்குச் சரி, செவுளுக்கு ஆகாது. தாராபுரத்து மாமா வீட்டில் கட்டட வேலைக்கு வாங்கி மிஞ்சிய பழைய அமராவதி ஆற்று மணல் ஒரு மூட்டை கிடந்தது. கொசுவலையில் சலித்து, கலங்கல் போகும்வரை அலசி, இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினேன். வண்ணக் கூழாங்கல் போட்ட தொட்டியில் இதே மீன் மேலே மிதக்கும் தீவனத்தைத் தின்றுகொண்டு உயிரோடு இருக்கும்தான். ஆனால் அதை வளர்ப்பது என்று நான் சொல்லமாட்டேன்.

மே 12

அக்னி நட்சத்திரம். தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. வெப்பமண்டல ஆற்று மீன் என்பதால் சூட்டை ஓரளவு தாங்கும். ஆனால் சூடேறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து, மேற்பரப்பில் ஃபேன் காற்று படும்படி வைத்தேன். ஏர் பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்தாயிற்று. தீவனத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

ஜூன் 16

சாயப்பட்டறை லேபில் என் அன்றாட வேலையே தண்ணீரை அளப்பது. கரைந்த உப்பைக் காட்டும் அதே டி.டி.எஸ். மீட்டர்தான் வீட்டிலும். எங்கள் போர் தண்ணீர் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பவானித் தண்ணீர் இருநூறுக்குள் நிற்கிறது. இந்த மீனுக்கு வேண்டியது இரண்டாவது.

பட்டறையில் சாஃப்ட்னர் இருக்கிறதே, அதில் பிடித்துவரலாமே என்று நண்பர் கேட்டார். கடினத் தண்ணீரில் சாயம் சீராக ஏறாது, துணி திட்டுத்திட்டாக வரும். அதற்காகத்தான் சாஃப்ட்னர். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. துணிக்குப் போதும், மீனுக்குப் பயனில்லை.

போர் தண்ணீர் இப்படி ஆன கதை ஊருக்கே தெரியும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை வெளியே விடாத முறை நிலைபெற்றது. ஆர்.ஓ.விலும் எவாபரேட்டரிலும் இன்று நாங்கள் தண்ணீரையும் உப்பையும் பிரித்து மீட்கிறோம். அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நிலத்துக்குள் போன உப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நைட்ரேட் ஏறும், இவ்வகை மீன்களுக்குத் தலையில் குழி விழும் நோய் வரலாம். இன்று குழாயைத் தொட்டியில் விட்டபோது அம்மா கேட்டார்: "ஏங் கண்ணு, குடிக்கற தண்ணிய மீனுக்கு ஊத்தறயே, அடுக்குமா?" நியாயமான கேள்வி. மழை பெய்தால் மொட்டை மாடித் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து அதையே கலப்பது, தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீர் முழுவதும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் என்று முடிவாயிற்று. நல்ல தண்ணீர் வாரக்கணக்கில் வராத தெருக்காரர்கள் இந்த மீனை வாங்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

ஆகஸ்ட் 15

பேப்பரில் நல்ல செய்தி. நஞ்சராயன் குளத்துக்கு ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் அது. மாலையில் போய்ப் பார்த்தேன். நாமக்கோழிகள், நீர்க்காகங்கள், கரையோரம் கொக்குகள். சாயத்துக்குப் பேர்போன ஊரின் ஓரத்தில் இப்படி ஒரு குளம் பிழைத்திருப்பது சின்ன விஷயமில்லை.

செப்டம்பர் 8

லேபில் உடன் வேலை செய்யும் தம்பி வந்து தொட்டியைப் பார்த்தான். "பெருசானா எங்கண்ணா விடுவீங்க, கொளத்துலயா?" என்றான். அவனை உட்காரவைத்து அமராவதி அணையைப் பற்றிச் சொன்னேன். 1952-இல் ஆப்பிரிக்க ஜிலேபி மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கு மலிவான மீன் என்பது நோக்கம். அது நம் அணைகளில் பெருகி, அமராவதியில் வலைக்கு வருவதில் பெரும்பங்கு அதுவே என்றானது. ஜிலேபியும் ஜியோபேகஸும் ஒரே சிக்லிட் குடும்பம். தாய் ஜிலேபி முட்டையை வாயில் வைத்துக் காக்கும். தபாஜோஸ் மீனில் தாய், தந்தை இரண்டுமே குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அப்படிக் காக்கும் இனத்தில் குஞ்சு அதிகம் பிழைக்கும். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய தென்னமெரிக்க சக்கர் மீன் நம் ஏரிகளில் பெருகிக் கிடப்பதையும் பார்க்கிறோம்.

என் மீன்கள் அரையடிக்கு மேல் வளரும். நான்கடித் தொட்டிக்கு அடுத்து ஆறடித் தொட்டிக்கு இப்போதே இடம் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கும் வழியில்லாதவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வேறொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். நொய்யலிலோ நஞ்சராயன் குளத்திலோ ஒரு மீனைக்கூட விட்டுவிடாதீர்கள்.