வலிக்கும் மருத்துவம் உண்டு

‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.’ புற்றுநோய் முற்றிய நிலையில் பல குடும்பங்கள் கேட்க நேரும் சொற்கள் இவை. நோயைத் தீர்க்க வழியில்லாமற் போகலாம். ஆனால், வலியைக் குறைக்கவும் மூச்சுத்திணறலைத் தணிக்கவும் உறக்கத்தை மீட்டுத் தரவும் அச்சத்தை ஆற்றவும் வழி உண்டு. அதுவே நோய் ஆதரவுச் சிகிச்சை. ‘பேலியேட்டிவ் கேர்’ எனப்படும் இதனை, இறுதி நாள்களுக்கு மட்டும் உரியதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், கடுமையான புற்றுநோய் கண்டறியப்பட்ட காலத்திலிருந்தே, அந்நோய்க்கான மருத்துவத்தோடு இணைந்து நடக்க வேண்டியது இது.

இத்துறைக்கு வழிகாட்டிய இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிப் பின்னர் மருத்துவரானவர். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஆதரவு இல்லத்தை நிறுவினார். நோயாளியின் வலி உடலில் மட்டுமன்று. உள்ளத்திலும் குடும்ப வாழ்விலும் ஆன்மாவிலும் உள்ளது என்றார். இத்தனை வலிகளையும் ஒருவரே தணித்தல் அரிது. எனவே மருத்துவர், செவிலியர், உளநல ஆலோசகர், சமூகப் பணியாளர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் குழுவாக இணைகின்றனர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர் கண்டதும் கூட்டு முயற்சியையே.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. படுத்தால் வலி பொறுக்காது. திண்ணையில் அமர்ந்தபடியே இரவைக் கழிப்பார். பல மாதங்களுக்குப் பின்னரே ஆதரவுச் சிகிச்சைக் குழு வீட்டிற்கு வந்தது. மருத்துவர் மார்ஃபின் மாத்திரையின் அளவை வகுத்தார். வலி தோன்றிய பின்னர் அன்று, தோன்றும் முன்னரே வேளை தவறாமல் கொடுக்கும் முறையைச் செவிலியர் அண்ணிக்குக் கற்பித்தார். சமூகப் பணியாளர் குடும்பத்தின் கடன் நிலையைக் கேட்டறிந்து, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தார். மூன்றாம் நாள் பெரியம்மா படுத்து உறங்கினார். விழித்ததும், “இதை முன்னமே தந்திருக்கக் கூடாதா?” என்றார்.

மருத்துவ உலகமும் அவ்வினாவை எழுப்பியுள்ளது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றோரின் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது. இறுதிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே பெற்றனர். எனினும், வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு அவர்களுக்கு 11.6 மாதங்கள், மற்றவர்களுக்கு 8.9 மாதங்கள். பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில் வாழ்நாள் நீளவில்லை என்பதையும் கூறவேண்டும்.

இதற்குச் செலவு இல்லையா? உண்டு. குழுவினர்க்கு ஊதியமும் பயிற்சியும் ஊர்தியும் வேண்டும். வீடுதோறும் செல்லும் குழு ஒரு நாளில் சிலரையே காண இயலும். பேணுபவரின் உழைப்போ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பெரியம்மாவைக் கவனிக்க அண்ணி தையல் வேலையையே விட்டார். மறுபுறம், தேவையற்ற சோதனைகளும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கழியும் நாள்களும் குறையக்கூடும். ஆனால், செலவிடுவது மருத்துவமனையோ அரசோ. மிச்சம் காண்பது பெரும்பாலும் கடன்படும் குடும்பம். ஆகவே, செலவு கண்ணுக்குத் தெரிகிறது, பயன் தெரிவதில்லை.

இத்தடையைக் கடக்கும் வழியைக் கேரளம் காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களால் ஊர்தோறும் பரவியது. 2008இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. மார்ஃபின் கிடைப்பதைக் கடினமாக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஆதரவுச் சிகிச்சையையும் இல்லத்திற்கே கொண்டு செல்கிறது.

ஆதரவுச் சிகிச்சைக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவோர் மற்றொன்றையும் கணக்கிட வேண்டும். அது காலந்தாழ்ந்து வருவதால் நோயாளி உறங்காமல் கழிக்கும் இரவுகளும், குடும்பம் வாங்கும் கடனும் அதே ஏட்டில் எழுதப்பட வேண்டிய செலவுகளே.