பெயர் மாறாத வண்டி

பழைய கார் வாங்கப் புறப்படுவோருக்கு அறிவுரைப் பஞ்சம் ஏற்படுவதில்லை. என்ஜின் சத்தத்தைக் கவனியுங்கள், டயரின் தேய்மானத்தைப் பாருங்கள், அடியில் துரு ஏறியுள்ளதா என்று குனிந்து நோக்குங்கள் என்பர். எல்லாம் நல்ல அறிவுரைகளே. ஆயின் கார் யாருடையது என்பதைச் சாவி சொல்வதில்லை, ஆர்.சி. புத்தகமே சொல்கிறது. அது புத்தகமாக இருந்த காலம் போய் அட்டையாகிவிட்ட போதிலும், பழைய பெயர் நம் வாயை விட்டு நீங்கவில்லை.

எங்கள் இல்லத்தில் முதியோர் இருவர் உளர். மாதந்தோறும் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால், சென்ற ஆண்டு தெரிந்தவரிடமே ஒரு கார் வாங்கத் தீர்மானித்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், காலஞ்சென்ற தம் கணவரின் மாருதி வேகன் ஆர் வண்டியை விற்க எண்ணியிருந்தார். விலையில் இருதரப்பாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் கணவரின் பெயர். அதன் கீழே, வண்டிக்குக் கடன் கொடுத்த வங்கியின் பெயர். கடனோ என்றைக்கோ அடைபட்டுவிட்டது.

இத்தகைய காரியங்களை முடித்துக் கொடுக்கும் ஒருவர் உடனிருந்தார். “இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை சார். படிவம் 29, 30 இரண்டிலும் ஐயாவின் கையெழுத்தை நானே போட்டுவிடுகிறேன். அவர் இருந்த காலத்துத் தேதி ஒன்றைப் போட்டால் போதும்” என்றார். ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவர் கையெழுத்தை இன்னொருவர் போடுவதா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் நாங்கள் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை. இறந்தவரின் கையெழுத்தை இடுவது குற்றம். அத்தகைய தாளின் மேல் நிற்கும் உரிமையும் நிலைக்காது.

நேர்வழி சற்று நீளமானது. உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசுதாரர் படிவம் 31-இல் விண்ணப்பித்து முதலில் வண்டியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழும், தாசில்தார் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்பட்டன. பிள்ளைகள் இருவரும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தனர். அவர்களுள் ஒருவர் மஸ்கட்டிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. வங்கியின் பெயரை நீக்கப் படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். இவை முடிந்து ஆசிரியையின் பெயரில் ஆர்.சி. வந்த பின்னரே, அவர் படிவம் 29, 30-இல் எங்களுக்குக் கையெழுத்திட முடிந்தது. இரண்டரை மாதங்கள் ஆயின.

அதுவரை வண்டியை எடுத்து ஓட்டிக்கொள்ளுங்கள், பேப்பர் பிறகு வரட்டும் என்று உறவினர் பலர் கூறினர். நாங்கள் ஆட்டோவிலேயே மருத்துவமனைக்குச் சென்று வந்தோம். காரணம் இதுதான்: பெயர் மாற்றம் வாங்குபவரின் காரியம் என்றே நாம் எண்ணுகிறோம், உண்மையில் அது விற்பவருக்கே அதிகம் தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2007-இல் விற்கப்பட்டுப் பல கைகள் மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு கார், 2009-இல் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. அவ்வழக்கில், முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அவர் அந்த வண்டியைக் கண்ணால் கண்டே ஆண்டுகள் ஆகியிருக்கும்! எங்கள் கவனக்குறைவால் ஒரு விபத்து நேர்ந்து, அதற்கான சம்மன் கைம்பெண்ணான ஆசிரியையின் வாசலுக்குப் போவதை எங்களால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விற்பவர் சும்மா இருந்துவிடுவது நம்மவரிடையே சர்வ சாதாரணம்.

நிற்க. வரி பற்றிப் பலர் வீணாகக் கலங்குகின்றனர். தமிழ்நாட்டில் பதிவான சொந்த உபயோகக் காருக்கு ஆயுட்கால வரி முதலிலேயே கட்டப்பட்டிருக்கும். மாநிலத்துக்குள் கைமாறும்போது அது வண்டியுடனேயே வருகிறது. வெளிமாநில வண்டியாயின் கதை வேறு. அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று பெற்று, இங்கு வண்டியின் வயதுக்கேற்ற வரியைச் செலுத்த வேண்டும். மலிவு என்று எல்லை தாண்டிப் போகிறவர்கள் இதையும் விலையோடு கூட்டிப் பார்ப்பது நல்லது. வியாபாரிகள் அல்லாத இரு தனிமனிதருக்கிடையிலான விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பணத்தை நாங்கள் வங்கி வழியாகவே கொடுத்தோம். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

இன்ஷூரன்ஸையும் 14 நாள்களுக்குள் வாங்குபவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு வண்டியோடு தொடரும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கோ, பெயர் மாறாதிருந்தால் நிறுவனம் கையை விரித்துவிடக்கூடும். இழப்பீடு கோராதிருந்ததற்கான தள்ளுபடி பழைய உரிமையாளருக்கே உரியதாதலால், அந்த வித்தியாசத்தை நாங்கள் கட்டினோம்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த பாஸ்டேக்கைக் கடைசி நாளன்றுதான் கவனித்தோம். அதுவும் கணவரின் பெயரிலேயே இருந்தது. கொடுத்த வங்கிக்கு எழுதி அதை மூடச் செய்து, புதியதை எங்கள் பெயரில் ஒட்டிய பிறகே சுங்கச்சாவடிப் பக்கம் வண்டியைத் திருப்பினோம்.