மரத்தடியில காத்திருந்த செவலை

ஐப்பசி மாசத்துல மட்டும் எங்க கூண்டுல இருந்து நாலு பெட்டைக்கோழி போச்சு. வேலை மரநாயோடதுதான். பூனையை விடக் கொஞ்சம் பெருசா, நீள வாலோட இருக்கும். பகல்ல மரப்பொந்துல தூங்கி, ராத்திரி இறங்கும். ஊருக்குள்ள இருக்கிறவங்க பல பேர் பார்த்திருக்க மாட்டீங்க.

எங்க செவலைக்கு அப்போ ஒன்றரை வயசு. நாட்டு நாய்தான். மரநாயை மோப்பம் பிடிச்சு மரத்துல ஏத்திடுவா. ஆனா ரெண்டு நிமிஷம் குரைச்சிட்டு, வாலாட்டிக்கிட்டே திண்ணைக்கு ஓடி வந்துடுவா. நானும் தடவிக் கொடுத்து ஒரு ரொட்டி போடுவேன். டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தா எந்த மரம்னே தெரியாது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா கேட்டுட்டுச் சிரிச்சார். "திண்ணைக்கு வந்தா ரொட்டி போடற. அப்புறம் அது திண்ணைக்கு வராம எங்க கண்ணு போகும்? குடுக்கறத மரத்தடியில போய்க் குடு."

அன்னைக்கே மாத்தினேன். திரும்பி வந்தா முகங்கொடுத்துப் பேசறதில்ல. மரத்தடியில நின்னு குரைச்சா, உடனே ஓடிப்போய் அங்கேயே ஒரு கருவாட்டுத் துண்டு. முதல் வாரம் தாமதமே இல்லை. அப்புறம் ரெண்டு நிமிஷம் கழிச்சு, அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு நேரத்தைக் கூட்டினேன். கிழட்டு மணியைக் கட்டிப் போட்டேன். அவன் சலிச்சுக் கிளம்பினா இவளும் பின்னாடியே வந்துடுவா. மேல கண்ணு மின்னாத மரத்துக்குக் கருவாடு கிடையாது. இல்லைன்னா வெறும் மரத்தைப் பார்த்துக் குரைக்கப் பழகிடும். அமெரிக்காவுல ரக்கூன் வேட்டை நாயைப் பழக்கறவங்களும் இப்படித்தான் பழக்குவாங்களாம்.

கார்த்திகையில ஒரு ராத்திரி விடாத மழை. எனக்குக் காய்ச்சல். குரைப்புச் சத்தம் காதுல விழுந்துச்சு. 'அவளே வந்துடுவா'ன்னு போர்வையை இழுத்துக்கிட்டேன்.

விடிஞ்சு போனா, கொல்லைப் புளியமரத்தடியில நனைஞ்சு ஒடுங்கி உட்கார்ந்திருக்கா. தொண்டை கட்டிப்போச்சு, குரைக்க வாயைத் திறந்தா காத்துதான் வருது. என்னைப் பார்த்ததும் ஓடி வரலை. மேலயே பார்த்தா. நான் வருவேன்னு நான்தானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்? கூசிப்போச்சு.

அவ பார்த்த இடத்தைப் பகல் வெளிச்சத்துல பார்த்தப்பதான் எல்லாம் புரிஞ்சுது. புளியமரத்துல ஒரு பொந்து. பக்கத்துல நீண்ட கிளை வேம்போட உரசுது. வேப்பங்கிளை நேரா கோழிக்கூண்டு ஓட்டு மேல. ஓட்டுல பழக்கொட்டையோட எச்சம், ஒரு ஓடு விலகிக் கிடக்கு. ராத்திரி டார்ச்சுல கண்ணு ரெண்டு மட்டும்தான் தெரிஞ்சுது, வழி தெரியலை.

"அடிச்சுப் போட்டுடலாமே"ன்னு சிலர் சொன்னாங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தவிர, அது எலியும் தின்னுது. வேப்பங்கிளையை வெட்டினேன். வேம்புத் தண்டைச் சுத்தி வழவழன்னு தகரம் அடிச்சேன். ஓட்டைச் சரி பண்ணினேன். அதுக்கப்புறம் ஒரு கோழியும் போகலை.

செவலைக்கு ஒரு வாரம் வெதுவெதுன்னு கஞ்சி. குரல் திரும்பிடுச்சு.

நேத்து ராத்திரி பனியில மறுபடி கூப்பிட்டா. கோழிக்கு ஆபத்தில்லைன்னு தெரியும். இருந்தாலும் எழுந்து போனேன், கருவாட்டோட.