முன் சில்லு

மொரிஸ் மைனரைப் புகழ்கிறவர்கள் அதன் வட்ட முகத்தைப் பற்றியே பேசுவார்கள். முன் சில்லு மடிந்து விழுவதைப் பற்றி, அதை வைத்திருப்பவர்கள்தான் பேசுவார்கள்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948இல் வெளிவந்தது. பிக்கப் 1953இல் வந்தது. சேஸி தனி என்றபோதும் முன்பக்க அமைப்பு காரினுடையதுதான். வாப்பாவிடம் இருப்பது அந்த இனம். அக்குறணையிலிருந்து கண்டிக்கும் மாத்தளைக்கும் மிளகும் கராம்பும் சுமந்து எங்களை வளர்த்த வண்டி.

அதன் சில்லைத் தாங்கும் கிங்பின்னின் இரு முனைகளிலும் மரை வெட்டியிருக்கும். வளைக்கும்போது அந்த மரையிலேதான் எல்லாம் சுழலும். கிறீஸ் காய்ந்தால் மரை தேயும்; கீழ்முனை கழன்றால் சில்லு மட்காட்டுக்குள் மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாக வளைத்துத் திருப்பும்போதுதான் இது நிகழும் என்பார்கள். கண்டி வீதி வளைவில் நிகழாது என்று யார் பொறுப்பு நிற்பது?

வாப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. வாகன இறக்குமதி 2020இல் நின்றதோடு பழைய வண்டிகளுக்கும் விலை ஏறியிருந்தது. விற்றுவிடலாம் என்றார் நானா.

"வண்டிய வித்தா நான் எங்க போற? ஒங்கட காருக்குப் பின்னுக்கு குந்திக்கொண்டா?" என்றார் வாப்பா.

அதற்குமேல் பேச்சில்லை. கராஜில் விட்டோம்.

இரு பக்கமும் கிங்பின், கீழ்மரைத் துண்டு, டை ரொட் முனைகள் எல்லாம் புதிதாகப் போட்டார் பாஸ். ஷொக் அப்சோபர்தான் சிக்கல். மைனரின் பழைய ஷொக்கின் கைதான் சில்லின் மேற்பக்கத்தையும் பிடித்திருக்கிறது. கழற்றி எறிய முடியாது. ஆகவே வால்வை எடுத்து அதை வெறும் கீலாக விட்டு, பக்கத்தில் குழாய் ஷொக்கைப் பூட்டினார். அந்த மூளைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

சின்ன ஜப்பான் காரொன்றின் மின்சார ஸ்டியரிங்கைப் பொருத்தலாம் என்று மருமகன் சொன்னான். நான் மறுத்தேன். அதற்குத் தண்டை வெட்டி ஒட்டவேண்டும். மலைப்பாதையில் வாப்பாவின் உயிரை ஒரு வெல்டிங்கில் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. ஓடத் தொடங்கிவிட்டால் மைனரின் ஸ்டியரிங் பாரமும் இல்லை. டயரில் காற்று சரியாக இருந்தால் போதும்.

நானாவுக்கு இன்னும் சமாதானமில்லை. பிரச்சினை சில்லில் இல்லை, வாப்பாவின் கண்ணில் என்கிறார். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல எனக்கும் துணிவில்லை. இரவில் ஓடுவதில்லை என்ற அளவுக்கு வாப்பா இறங்கி வந்திருக்கிறார்.

முதல் ஓட்டம் மாத்தளைக்கு. நான் பக்கத்தில் இருந்தேன். குழியொன்றில் இறங்கி ஏறியபோது வண்டி ஒரே அசைவோடு அடங்கிவிட்டது. முன்பென்றால் ஆடுபோல் நாலுதரம் குதித்திருக்கும். வாப்பா முகத்தைச் சுளித்தார்.

"சத்தமே இல்லியே. என்னத்தக் களட்டின?"

வீட்டுக்கு வந்து இறங்கியதும், கிறீஸ் கன்னை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.