வெளியே வராத சாவி

கியரை 'பி'யில் தள்ளியாயிற்று. எஞ்சின் அணைந்துவிட்டது. சாவி மட்டும் வெளியே வரவில்லை. தில்லி ஜனக்புரியைச் சேர்ந்த அந்த 71 வயது ஓய்வுபெற்ற அதிகாரி பார்க்கிங்கில் பத்து நிமிடம் அதனோடு மல்லுக்கட்டினார். முழங்கால் கிளட்ச் மிதிக்க மறுத்ததால் வாங்கிய பழைய ஆட்டோமேடிக் கார் அது. வாரம் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக அவருக்கு வேறு வழியில்லை. சாவியை விட்டுவிட்டுப் போனால் கார் திருடு போகும். உள்ளேயே திரும்பிக் கிடந்தால் பேட்டரி இறங்கும்.

ஒர்க்‌ஷாப்பில், இக்னிஷன் லாக்கையே மாற்றவேண்டும் என்றார்கள். (அட்ஜஸ்ட் செய்வது என்பது அங்கே கிட்டத்தட்ட மறந்துபோன கலை.) இன்னொருவர், "கேபிளை வெட்டிவிட்டால் சாவி எப்போதும் வரும்" என்றார். சபலம்தான். ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1986-ல் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்கின்றன என்று அமெரிக்கத் தொலைக்காட்சி பரபரப்பு கிளப்பியது. பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று 1989-ல் அரசு ஆய்வு சொன்னது. அதற்குள் பிரேக்கை மிதித்தால்தான் 'பி'யிலிருந்து கியர் நகரும் என்ற பூட்டு வந்துவிட்டது. சாவிக் கேபிள் அதன் உடன்பிறப்பு. 'பி'யில் இல்லாத காரை விட்டு ஓட்டுநர் சாவியோடு நடந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை.

கடைசியில் காஷ்மீரி கேட்டில் ஒரு கிழ மிஸ்திரி கன்சோலைக் கழற்றினார். கியர் லீவரிலிருந்து இக்னிஷன் லாக் வரை போகும் கேபிள் தளர்ந்திருந்தது. 'பி' என்பது லீவருக்குத் தெரிந்தது, பூட்டுக்குத் தெரியவில்லை. லீவரை 'பி'யில் வைத்து, சாவியை உரிய நிலைக்குத் திருப்பி, கேபிளின் பிளாஸ்டிக் கிளிப்பை விடுவித்தார். ஸ்பிரிங் தளர்வை இழுத்துக்கொண்டது. கிளிப்பை மறுபடி அழுத்தினார். அவ்வளவுதான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சாவி வந்ததும் அவர் ஓயவில்லை. 'ஆர்', 'என்', 'டி' ஒவ்வொன்றிலும் இழுத்துப் பார்த்தார். "வரக்கூடாத இடத்தில் வராமல் இருக்கிறதா என்று பார்க்கணும், பாபுஜி. அதுதான் முக்கியம்" என்றார். மூன்றிலும் வரவில்லை.

"வீட்டு வாசலில் சரிவு இருக்கா?" என்று அடுத்த கேள்வி. இருக்கிறது. நான்கு வயதுப் பேரனும் இருக்கிறான். அப்படியானால் முதலில் ஹேண்ட் பிரேக், பிறகுதான் 'பி' என்று கட்டளை பிறந்தது. 'பி'யில் காரைப் பிடித்து நிறுத்துவது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்லிடுக்கில் விழும் சின்ன இரும்புத் துண்டுதான்.