திருப்பூரில் ஒரு ஞாயிறு

கடற்கரையோ அரண்மனையோ இல்லாத ஊருக்குச் சுற்றிப் பார்க்கச் செல்வார் உண்டோ என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். நாங்கள் சென்றோம். எங்கள் மகளும் மருமகனும் மூன்றாண்டுகளாகத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கின்றனர். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம்; ஞாயிறு ஒன்றே ஓய்வு. அந்த ஒரு நாளை எங்களுக்குத் தரும்படி கேட்டு, நானும் என் மனைவியும் விடியுமுன் திண்டுக்கல்லில் பேருந்து ஏறி, தாராபுரம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் இரயில் நிலையத்தை அடுத்துள்ள குமரன் நினைவகம். சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் 1904-இல் பிறந்தவர் அவர். 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் தடியடிபட்டு, கையிலிருந்த கொடியை விடாமலே வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 27.

"தினமும் கம்பெனி வண்டியில் இந்த வழியாகத்தான் போகிறேன். இறங்கிப் பார்ப்பது இன்றைக்குத்தான் அப்பா" என்றாள் மகள். அவளுக்கும் வயது 27.

அங்கிருந்து நொய்யல் பாலத்திற்கு நடந்தோம். வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றிக் காவிரியில் கலக்கும் ஆறு. நாம் மலிவாக வாங்கி உடுத்திய வண்ண ஆடைகளின் விலையில் ஒரு பங்கை நெடுங்காலம் இந்த ஆறுதான் செலுத்தியது. கீழ்ப்பகுதியில் பாசனத்திற்கென்றே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. யாருக்காகக் கட்டினார்களோ அந்த உழவர்களே, "மதகைத் திறக்காதீர்கள்" என்று மன்றாடும்படி ஆயிற்று. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றைக் காக்க வேண்டியதுதான். ஆயினும் அவ்வாண்டு பிழைப்பின்றி மூட்டை கட்டியவர்கள் சாயம் கலந்தவர்கள் அல்லர், கூலிக்கு வந்தவர்கள். இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பட்டறைக்கே பயன்படுத்துகின்றனர். எனினும் நாங்கள் நின்ற இடத்தில் ஊர்ச் சாக்கடைதான் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னர் காதர்பேட்டை. சந்துக்குச் சந்து பனியன் குவியல், நடக்க இடமில்லை. வெளிநாட்டுக்குத் தைத்ததில் எஞ்சியவையும், சிறு பழுதால் கழிக்கப்பட்டவையும் இங்கு விலைக்கு வருகின்றன. என் மனைவி பேரனுக்கென்று நீலச் சட்டை ஒன்றை எடுத்தாள். மகள் அதை வாங்கிச் சட்டென உட்புறம் திருப்பினாள்; தையலோரம் விரலை ஓட்டினாள்; "ஓவர்லாக்கில் இழை விட்டிருக்கிறது, வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். அவள் வேலை செக்கிங். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல் என்று பல கை கடந்து வரும் துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுவது. நாள் முழுதும் நின்றே பார்க்க வேண்டும். ஐந்தாவது சட்டைதான் தேறியது. கடைக்காரர் கோபிக்கவில்லை, "எந்தக் கம்பெனி, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டுச் சிரித்தார்.

மாலையில் ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளத்தைக் காட்ட அழைத்துச் சென்றார் மருமகன். சுமார் 126 ஹெக்டேர் பரப்பு. 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. தறியும் சாயமுமே நினைவுக்கு வரும் ஊரின் ஓரத்தில் நாரைகளும் கொக்குகளும் நீரில் நின்றதைக் கண்டபோது, பொய் சொல்வானேன், எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

கரையில் அமர்ந்து, ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைப் பிரித்தோம். பறவைகளை எண்ணத் தொடங்கிய மகள் இருபதைத் தாண்டவில்லை. தாயின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாமென்று என் மனைவி கையசைத்தாள். ஏழு மணிப் பேருந்தை நாங்கள் விட்டுவிட்டோம்.