ஜூனா, செப்டம்பரா?



ஐஸ்லாந்து போய் வந்தோம் என்று சொன்னதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "அந்தக் குளிருக்கு எந்த மாதம் சார் போறது?" அந்தக் கேள்விக்கு விடை தேடவே எனக்கு ஆறு வருடம் பிடித்தது. அந்தக் கதையை இன்று எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. கொடி மாறியதே தவிர எங்கள் வகுப்பில் பாடமொழி மாறவில்லை. மறுவருடம் வாத்தியார் ஒரு கதைப் புத்தகத்தை வகுப்பில் பகுதி பகுதியாகப் படிக்க வைத்தார். 1864இல் வெளிவந்த 'பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்'. எழுதியவர் ழூல் வேர்ன். இங்கே ஜூல்ஸ் வெர்ன் என்பார்கள்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பேராசிரியர் தன் உறவுக்கார இளைஞனையும் ஒரு வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு ஐஸ்லாந்தில் ஓர் அணைந்த எரிமலை மேல் ஏறி, அதன் வாய்க்குள் இறங்குகிறார். உள்ளே மூன்று பள்ளங்கள். எதன் வழியாகப் பூமிக்குள் போவது? ஜூன் மாதக் கடைசியில், நடுப்பகலில், ஒரு சிகரத்தின் நிழல் எதன் மேல் விழுகிறதோ அதுதான் வழி. இவர்கள் போய்ச் சேர்ந்தால் வானம் முழுக்க மேகம். வெயில் இல்லை, நிழலும் இல்லை. ஜூலை பிறந்துவிட்டால் அடுத்த வருடம்தான். பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 28ஆம் தேதி வானம் திறக்கிறது.

பூமிக்குள் இருந்த கடலும் மிருகங்களும் எனக்கு மறந்துபோயின. மேகம் விலகக் காத்திருந்த அந்த நாட்கள் மட்டும் மறக்கவில்லை. அந்த மலை நிஜமாகவே இருக்கிறது என்பதும், எழுதியவர் ஒருநாளும் ஐஸ்லாந்தில் கால் வைத்ததில்லை என்பதும் பிற்பாடு தெரிந்தது. மலையின் பெயர் ஸ்னைஃபெல்ஸ்யோகுல். உயரம் 1,446 மீட்டர், தலையில் பனித்தொப்பி. ஒருநாள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அரசு வேலை, குமாஸ்தா நாற்காலி, இரண்டு பெண்களின் கல்யாணம், வேலப்பன்சாவடியில் வீடு. 2018இல் சின்னவள் பாரிஸ் புறநகரில் குடியேறி, "அப்பா, இங்கேருந்து மூன்றரை மணி நேர விமானம்தான்" என்றபோது அந்த மலை மறுபடி தலை தூக்கியது.

பழக்கம் விடாதல்லவா? ஒரு கோப்பு போட்டேன். மேலே, "பொருள்: ஐஸ்லாந்து – பயணம் – காலம் தெரிவு செய்தல் – தொடர்பாக" என்று எழுதினேன். மனைவி பார்த்துவிட்டு, "இதுவும் ரிடையர் ஆகிற வரைக்கும் நிலுவையிலேயே கிடக்குமா?" என்றாள்.

கோப்பில் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ்லாந்தில் பழைய நாட்காட்டிப்படி வருடத்துக்கு இரண்டே பருவம்: குளிர்காலம், கோடைகாலம். நமக்குக் கார், கூதிர் என்று ஆறு. ஏப்ரல் 19க்கும் 25க்கும் நடுவே வரும் வியாழக்கிழமையை அவர்கள் கோடையின் முதல் நாள் என்று விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். நம் சித்திரைப் பிறப்பு முடிந்து ஒரு வாரம், பத்து நாள். அன்றைக்கு அங்கே பனி கொட்டினாலும் கொட்டும்.

ஜூன், ஜூலையில் போனால் இரவே கிடையாது என்று சொல்லலாம். தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவுக்கு மேல் இறங்கி மூன்று மணிக்கெல்லாம் ஏறிவிடும். கடற்பாறைகளில் பஃபின் பறவைகள் இருக்கும். நடுத்தீவின் மலைப்பாதைகள் ஜூன் கடைசியிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். சராசரி வெப்பம் பதினொன்று, பன்னிரண்டு டிகிரி. நம் ஊட்டிக் குளிர்தான். ஆனால் இருட்டு இல்லாததால், வடக்கு வானத்தில் ஆடும் அந்தத் துருவ ஒளி தெரியவே தெரியாது.

டிசம்பரில் போனால் நேர்மாறு. துருவ ஒளி பார்க்க இருட்டு வேண்டிய மட்டும் உண்டு. பகல் வெளிச்சம் நாலு மணி நேரம்தான். குளிர்கூட நாம் பயப்படுகிற அளவு இல்லை, ரெய்க்யவிக்கில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். வெப்பக் கடல் நீரோட்டத்தின் உபயம். பயப்பட வேண்டியது காற்றுக்கும் சாலையில் உறையும் பனிக்கும்.

ஆக, மலையைப் பார்க்க ஜூன், ஒளியைப் பார்க்கக் குளிர்காலம். இரண்டும் ஒரே மாதத்தில் முழுசாகக் கிடைக்காது. நான் யோசிக்காமல் ஜூன் என்று எழுதிவைத்தேன். வெர்ன் கதையில் ஜூன் அல்லவா! மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2019இல் என் முழங்கால். 2020இல் கொரோனா. 2021 மார்ச்சில் விமான நிலையம் இருக்கும் தீபகற்பத்திலேயே எரிமலை வெடிக்க ஆரம்பித்தது. 2023 நவம்பரில் கிரிண்டவிக் என்ற ஊரையே காலி செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் "அடுத்த ஜூன்" என்று கோப்பில் எழுதி மூடினேன்.

அந்த வருடக் கடைசியில்தான் மனைவியின் கண்ணுக்குக் குளுக்கோமா என்று டாக்டர் சொன்னார். பார்வையின் ஓரங்கள் குறைந்துகொண்டு வருகின்றன, சொட்டு மருந்தால் வேகத்தைத் தணிக்கலாம், போனது திரும்பாது என்றார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆட்டோவில் வரும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அந்த ஊர்ல ராத்திரியில வானம் எரியுமாமே. சின்னவ போட்டோ அனுப்பினா. அதை எந்த மாசம் பார்க்கலாம்?"

நான் ஜூன் என்று எழுதிய கோப்பு அலமாரியில் இருந்தது.

அவள் ஊர் திருவண்ணாமலைக்கு மேற்கே ஒரு கிராமம். கார்த்திகை தீபத்தன்று களத்துமேட்டில் நின்று மலை உச்சியைப் பார்ப்பார்களாம். சில வருடம் மேகம் மறைத்துவிடும். அப்பா தோளில் உட்காரவைத்துக்கொண்டு, "இப்பத் தெரியும் பாரு, இப்பத் தெரியும் பாரு" என்று சொல்லிக்கொண்டே நிற்பாராம். நாற்பத்தைந்து வருட தாம்பத்தியத்தில் அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அன்றைக்குத்தான் எனக்குக் காதில் விழுந்தது.

ஜூனை அடித்துவிட்டுச் செப்டம்பர் என்று எழுதினேன். ஆகஸ்டு கடைசியிலிருந்து இருட்டு வந்துவிடும். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி அந்த ஒளியின் வேகம் கூடும் என்கிறார்கள். சாலைகளில் பெரும்பாலும் பனி இராது. நிலவு வெளிச்சம் இடைஞ்சல் என்பதால் பஞ்சாங்கத்தையும் எடுத்தேன். 2024 செப்டம்பர் 18 பௌர்ணமி. அக்டோபர் 2 அமாவாசை; அதுவோ மகாளய அமாவாசை, அன்றைக்கு மகள் வீட்டில் முன்னோர்க்குப் படையல் போட்டாக வேண்டும். இடையில் 21 முதல் 29 வரை எட்டு இரவுகள் என்று முடிவு செய்தோம். பிரான்சுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவே அங்கும் செல்லும். மறுபடி வெடித்த எரிமலை செப்டம்பர் 5ஆம் தேதிதான் ஓய்ந்திருந்தது.

தீவைச் சுற்றும் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல். எட்டு நாளில் சுற்றிவிடலாம்தான், ஆனால் எங்கள் வயதுக்கு அது பார்வையிடல் ஆகாது, லாரி ஓட்டுவதாகிவிடும். தெற்குக் கரை ஐந்து இரவு, மேற்கே என் மலை இரண்டு இரவு, ரெய்க்யவிக்கில் ஓர் இரவு என்று போட்டேன். தெற்கு ஐந்தில் இரண்டு நாளுக்கு வேலையே வைக்கவில்லை. மழை, காற்று என்றால் ஈடுகட்ட.

அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று கேளுங்கள். முதல் நாள் திங்வெல்லிர் பார்த்தோம். கி.பி. 930இல் தங்கள் நாட்டு மன்றத்தைத் திறந்தவெளியில் கூட்டிய இடம். பூமித் தட்டுகள் விலகிய பிளவுக்குள் நடந்து போகலாம். ஸ்ட்ரோக்குர் வெந்நீர் ஊற்று ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிவைத்தாற்போல் பீறிட்டது. வழியில் குடியானவர்கள் மலையில் மேய்ந்த ஆடுகளைத் திரட்டிப் பட்டியில் அடைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில்தான் அந்தக் காட்சி கிடைக்கும். குழாய் வெந்நீரில் கந்தக வாடை. மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டே குளித்தாள். குடிக்கக் குளிர்ந்த குழாய் நீர், சோற்றுக்கு வேலப்பன்சாவடியிலிருந்து போன புளிக்காய்ச்சல்.

மூன்றாம் நாள் அங்கத்து வானிலை அலுவலகம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டது. நம் ஊர் போலவே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நம் ஆரஞ்சு என்றால் மழை. 2015இல் கூவம் பொங்கி எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதிலிருந்து ஆரஞ்சு என்றால் மொட்டைமாடிக் குழாயைப் பார்ப்பேன். அங்கே அது காற்று. காரைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்த வேண்டும், கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும் என்று மாப்பிள்ளை பாடம் நடத்தினார். கதவு பிய்ந்துபோனால் பல சமயம் காப்பீடு கிடைக்காதாம். குடையைத் தயவுசெய்து கொண்டு போகாதீர்கள். அன்று முழுக்க அறையில் சீட்டு விளையாடினோம்.

இரவுக்கு ஒரு மேகப்படம் உண்டு. முதல் இரவு அதைப் பார்த்து, "எங்கும் பச்சை, கிளம்பலாம்" என்றேன். வெளியே போனால் கும்மிருட்டு, தூறல். அந்தப் படத்தில் பச்சை என்றால் மேகம். வெள்ளைதான் தெளிந்த வானம். முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன் குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நாலு இரவு ஒன்றுமில்லை. ஐந்தாம் இரவு, தெற்கில் கடைசி இரவு. பதினொன்றரைக்கு மாப்பிள்ளை கதவைத் தட்டி, "மாமா, வெள்ளை!" என்றார். அத்தனை துணியையும் மாட்டிக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். வடக்கே ஒரு வெளிறிய பட்டை. மேகமா, புகையா என்று தெரியவில்லை. மகளின் போன் அதைப் பச்சையாகக் காட்டியது. மனைவி, "எங்கே?" என்றாள். மறுபடி, "எங்கே?" என்றாள். எனக்கு வயிறு கலங்கியது. ஒரு வருடம் பிந்திவிட்டோமோ?

என்ன சொல்வதென்று தெரியாமல், "இப்பத் தெரியும் பாரு" என்றேன்.

கால் மணி கழித்து அந்தப் பட்டை விரிந்தது. வெறும் கண்ணுக்கே பச்சை, கீழ் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. புடவையை உதறிக் கொடியில் போடுகிற மாதிரி ஓர் அசைவு. அவளுக்கு ஓரப்பார்வை இல்லாததால், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்தாள். நாங்கள் மூவரும் வானத்தைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். உள்ளே வந்ததும், "தீபம் ஒரே இடத்துல நிக்கும். இது ஓடுது" என்றாள்.

பிறகு மேற்கே போனோம். என் மலை இரண்டு நாளும் மேகத்துக்குள்ளேயே இருந்தது. அதன் அடிவாரத்துக் கடலோரக் கிராமமான ஆர்னார்ஸ்டாபியில் நனைந்துகொண்டு நின்றேன். மேலே சாம்பல் நிறம் தவிர ஒன்றுமில்லை. ஈடுகட்ட வைத்திருந்த நாட்களைத் தெற்கே வைத்துவிட்டேன், வேண்டுமென்றேதான் வைத்தேன். ரெய்க்யவிக் கடற்கரையிலிருந்து வளைகுடாவுக்கு அப்பால், 120 கிலோமீட்டர் தூரத்தில், தெளிந்த நாளில் அந்த வெள்ளைச் சிகரம் தெரியும் என்பார்கள். கடைசிக் காலை ஆறரைக்கே போய் நின்றேன். தெரியவில்லை.

"அது அங்கேயேதான இருக்கும், எங்க போவப் போவுது?" என்று மனைவி தேற்றினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 2012 ஆகஸ்டில் அதன் உச்சி, மனிதர் அறிந்த வரையில் முதல்தடவையாக, பனியில்லாமல் வெறுமையாக நின்றது. பனித்தொப்பி வருடா வருடம் மெலிகிறது. அதுவும் காத்திருக்கப் போவதில்லை.

எந்த மாதம் போவது என்று கேட்டவர்களுக்கு: இரவே இல்லாத பகலும் பறவையும் வேண்டுமானால் ஜூன், ஜூலை, வானத்து ஒளி வேண்டுமானால் செப்டம்பர் பின்பாதி. மூன்று நாளுக்கு ஒரு நாள் வேலையில்லாமல் விடுங்கள். மாதத்தை முடிவு செய்வதற்கு முன், வீட்டில் இருப்பவரிடம் உனக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். எனக்கு அதற்குத்தான் ஆறு வருடம் ஆனது.

அந்த வருடக் கார்த்திகை தீபத்துக்கு மொட்டைமாடிச் சுவரில் அகல் வரிசை வைத்தோம். திரியை அவள்தான் ஏற்றினாள். எண்ணெய் விளிம்பு தெரியாமல் ஒன்றிரண்டு தளும்பிற்று. துடைத்துக்கொண்டே பின்னால் போனேன். கோப்பை இன்னும் முடிக்கவில்லை. சின்னவள் அடுத்த ஜூனுக்கு வரச் சொல்கிறாள்.